முன்ஷியும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும்

கல்லூரியில் கடைசிப் பருவத்து இடுபணி மூன்றே வரியில் வந்தது. படைப்பிலக்கியப் பாடத்தை மூன்று பருவம் படித்தவர்கள், ஓர் எழுத்தாளராகத் தங்கள் வளர்ச்சியைத் திரும்பிப் பார்த்து ஆயிரத்து ஐநூறு சொல்லில் எழுத வேண்டும். இதற்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள் என்று படித்தவுடனே தோன்றியது. முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு சொல்லிக் கொடுத்தாங்க, இப்போ தெரியும். ஆரம்பப் பள்ளியில் எழுதிய ‘நான் ஒரு பேனா’ தன்கதையில்கூட இதைவிடத் திருப்பம் அதிகம். அந்தப் பேனா தொலைந்து போகும், குப்பையில் கிடக்கும், யாராவது ஒருத்தர் எடுப்பார்.

அதனால் வேறு பக்கமாக யோசித்தேன். நான் பெம்பான்காரி. ஜாசின் மாவட்டத்தில் ஒரு சின்னப் பட்டணம். ஒரு கடை வரிசை, அதைத் தாண்டினால் செம்பனை, இடையிடையே மிச்சமிருக்கிற கித்தா மரங்கள். இந்த வட்டாரத்தில் எனக்கு முன்னால் யாராவது இப்படி உட்கார்ந்து, ‘நான் எப்படி எழுதக் கற்றுக்கொண்டேன்’ என்று எழுதியிருக்கிறார்களா? இருக்கிறார். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய மலாக்கா பட்டணத்தில் 1796-இல் பிறந்தவர். அவருக்கும் இது ஏறக்குறைய ஓர் இடுபணியாகத்தான் வந்தது.

அப்துல்லா பின் அப்துல் காதிர். நாம் பள்ளியில் மலாய் இலக்கியப் பாடத்தில் ‘முன்ஷி அப்துல்லா’ என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற பெயர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட அரபி. அந்த வழியில் வந்த குடும்பம் மலாக்காவில் வேர்விட்டது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று சொல்லப்படுகிறவரின் வீட்டுக் கதை நாகூரில் தொடங்குகிறது. இதை எந்த வகுப்பிலும் ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

1840-இல், ஆல்பிரட் நார்த் என்ற அமெரிக்க மிஷனரி சொல்லித்தான் அவர் தன் வாழ்க்கையை எழுத ஆரம்பித்தார். அதற்கு முன்பே சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குப் போன பயணத்தை எழுதியிருந்தார். அதைப் பார்த்த நார்த், உன் வாழ்க்கையையே எழுது, கண்ணால் பார்த்ததை எழுது என்று தூண்டினார். அதுவரை மலாயில் இருந்தவை பெரும்பாலும் அரச வம்சக் கதைகளும் வீரக் கதைகளும்தான். ஒரு சாதாரண மனுஷன் ‘நான்’ என்று ஆரம்பித்து, தான் எந்தத் தெருவில் பிறந்தேன், யாரிடம் அடி வாங்கினேன், எப்படி எழுத்துக் கூட்டினேன் என்று ஒரு புத்தகம் எழுதுவது அந்த மொழிக்குப் புதிது. ‘ஹிகாயத் அப்துல்லா’ 1843-இல் எழுதி முடிந்து, 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது.

என் இடுபணியோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதைப் படிக்கத் தொடங்கினேன். முதலில் கண்ணில் பட்டது, அதில் படிக்கட்டே இல்லை என்பது. முதல் படி, இரண்டாம் படி என்று அவர் ஏறவில்லை. ஆட்களைச் சொல்கிறார். மலாக்காவில் பாட்டி நடத்திய குர்ஆன் பள்ளி. அந்தக் காலப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுத்த தண்டனைகள். எந்தக் குற்றத்துக்கு எந்தக் கருவி என்று ஒரு பட்டறைக்காரர் மாதிரி விவரிக்கிறார். மகனை முகத்துக்கு நேரே பாராட்டவே பாராட்டாத அப்பா. அந்த அப்பா வீட்டில் இல்லாத ஒரு நாள் ஒரு கப்பல்காரர் பத்திரம் எழுதிக்கொள்ள வருகிறார். பையனே எழுதிக் கொடுத்துவிடுகிறான். திரும்பி வந்த அப்பா அதைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு மனுஷன் எழுத்தாளரான கணம் என்று அந்த நூலில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். வெளியில் ஒருவருக்கு ஓர் எழுத்து தேவைப்பட்டது, அதைச் செய்ய இவருக்குக் கை வந்தது. அவ்வளவுதான்.

பிறகு கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். ‘முன்ஷி’ என்ற பட்டம் அவர்கள் கொடுத்ததுதான். 1810-இன் கடைசியில் ராபிள்ஸ் மலாக்காவுக்கு வந்து ஜாவா படையெடுப்புக்குத் திட்டம் போட்டபோது, பதினாலு வயசுப் பையனாக அவரிடம் நகலெழுதுகிற வேலை. 1815-இல் மில்ன் பாதிரியார் வந்தார். அவருக்கு மலாய் சொல்லிக் கொடுத்தார். 1818-இல் மலாக்காவில் ஆங்கிலோ-சைனீஸ் காலேஜ் தொடங்கியது. அந்தப் பாதிரிமார்களுக்கு ஆசிரியராகவும், அவர்களிடம் ஆங்கிலம் கற்கிற மாணவராகவும் ஒரே சமயத்தில் இருந்தார். மெட்ஹர்ஸ்டிடம் அச்சுத் தொழில் கற்றார். ஒரே ஆளுக்குள் நகலெழுத்தர், வாத்தியார், மாணவர், அச்சுக் கோப்பவர். இத்தனைக்கும் பிறகுதான், நாற்பத்து நான்கு வயதில், ‘நான்’ என்று எழுதினார். எங்களுக்கு மூன்று பருவம் கொடுத்தார்கள்!

ஆனால் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது தாம்சனோடு அவருக்கு நடந்த சண்டைதான். கிளாடியஸ் தாம்சன் என்ற மிஷனரி சுவிசேஷத்தை மலாயில் கொண்டுவர அப்துல்லாவின் உதவியைக் கேட்டார். அப்துல்லாவின் புகார் இதுதான்: அவர் போடுகிற சொற்கள் மலாய், ஆனால் சொற்களைக் கோத்த விதம் மலாய் இல்லை. வாக்கியத்தின் எலும்பு வேறு ஊர் எலும்பு. மலாய்க்காரர் ஒருவர் படித்தால் சொல்லுக்குச் சொல் தெரியும், மொத்தமாக என்ன சொல்கிறது என்று தெரியாது. இவர் எடுத்துச் சொல்வார், அவர் தன் பாணிதான் சரி என்பார். சம்பளம் கொடுக்கிறவர் அவர். கடைசியில் நூல் அவர் சொன்னபடிதான் போகும். இதையெல்லாம் இவர் பல வருஷம் கழித்து, சூடு குறையாமல் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் வகுப்பை நினைத்துக்கொண்டேன். மலேசியாவில் தமிழில் எழுதுகிற என் வயசுக்காரர்கள் காலையிலிருந்து இரவு வரை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் படிக்கிறோம். வரலாறு மலாயில், அறிவியல் மலாயில் இல்லையென்றால் ஆங்கிலத்தில், போனில் வருகிற எல்லாம் இரண்டும் கலந்து. பிறகு தமிழில் ஒரு கதை எழுத உட்கார்ந்தால், சொல் தமிழாக வரும், மூட்டு வேறெங்கிருந்தோ வரும். இலக்கணப் புத்தகத்தை வைத்து இதைப் பிடிக்க முடியாது. இலக்கணம் சரியாகத்தான் இருக்கும். வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும். மூன்று பருவத்தில் நான் பெற்ற உருப்படியான பழக்கம் இந்த வாய்விட்டுப் படிப்பது ஒன்றுதான். எழுதிய பக்கத்தைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுவேன். பாட்டி பால்மரம் வெட்டியவர், மூன்றாம் வகுப்போடு நின்றவர். “யாரு பிள்ளை இப்படிப் பேசுவா?” என்று எந்த வாக்கியத்தில் கேட்கிறாரோ, அந்த வாக்கியத்தை உடைத்து மறுபடி எழுதுவேன்.

அப்துல்லாவுக்குத் தமிழும் தெரியும். அப்பா அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்று காரணமும் சொல்கிறார். கணக்கு வழக்குக்கு அந்த மொழி வேண்டும், பட்டணம் முழுக்க இந்திய வியாபாரிகள், அவர்களோடு பேசவும் வேண்டும். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். இருநூறு வருஷத்துக்கு முந்திய மலாக்காவில் தமிழ் என்பது பணக்கார வீட்டுப் பிள்ளை படிக்கிற மொழி. கல்லாப்பெட்டியின் மொழி. தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கிடைக்கும் என்பதால்தான் படித்தார்கள்.

அதே மலாக்காவில் 1896-இல், புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் நாற்பது ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வியாபார நோக்கத்தோடு போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. அடுத்து எங்கள் ஜாசின் பக்கம் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் போட்டார். உலகத்தில் மோட்டார் வண்டி பெருகப் பெருக, டயருக்குப் பால் வேண்டும், பாலுக்கு ஆள் வேண்டும். கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தார்கள். இந்திய அரசாங்கம் 1938-இல் தடுக்கும் வரை கப்பல் கப்பலாக வந்தார்கள். என் குடும்பம் அப்படி வந்ததுதான். அப்துல்லா இறந்தது 1854-இல். அவர் கண்மூடி ஐம்பது வருஷத்துக்குள் மலாக்காவில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு அர்த்தமே மாறிவிட்டது. கல்லாப்பெட்டியிலிருந்து லயத்துக்கு. கணக்குப் புத்தகம் எழுதிய மொழி, கிராணியின் கணக்குப் புத்தகத்தில் பேராக மட்டும் ஏறிய மொழியானது. இதை வீழ்ச்சி என்று எழுதினால் என் பாட்டிக்கு நான் துரோகம் செய்கிறேன். வீழ்ச்சியே இல்லை என்றால் பொய் சொல்கிறேன்.

தோட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வைத்தார்கள். பல இடங்களில் அது ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். ஆறாம் வகுப்புக்கு மேல் தமிழில் படிக்க வழியில்லை. அதற்கு மேல் தமிழில் ஏதாவது கற்க வேண்டுமானால் இருந்தது பேப்பர்தான். கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, சிங்கப்பூரில் 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’. ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். நம் இலக்கிய வரலாற்றைப் பேசுகிறவர்கள் எழுதியவர்களை எண்ணுகிறார்கள். கேட்டவர்களை யாரும் எண்ணியதில்லை.

1950-இல் தமிழ் நேசன் ஒரு காரியம் செய்தது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பத்திரிகை வழியாகவே ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். சிறுகதை என்றால் என்ன, எப்படி எழுதுவது என்று ஞாயிறு பதிப்பில் பாடம் வரும். வாசகர்கள் பயிற்சி எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் பார்த்து, எழுதியவர்களைத் தரம் பிரித்தார்கள். 1951 வரை நடந்தது. இன்றைக்கு இணையத்தில் காசு கட்டிச் சேர்கிற பயிலரங்குக்கு எழுபது வருஷம் முந்திய தபால் பயிலரங்கு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வந்ததே 1956-இல்தான். அதாவது இந்த நாட்டில் தமிழ்ப் பட்டப்படிப்பு வருவதற்கு முன்பே கதை எழுத ஒரு வகுப்பு வந்துவிட்டது. அதில் சேர எந்தச் சான்றிதழும் வேண்டாம், தபால் தலை போதும். பெம்பானிலிருந்தும் போடலாம், பினாங்கிலிருந்தும் போடலாம்.

வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 1948-இல் அவசரகாலம் பிரகடனமாகிவிட்டது. தொழிற்சங்கங்கள் நொறுக்கப்பட்டன. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரடங்கு, முள்வேலி, அரிசிக்குக் கட்டுப்பாடு. இந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் லயத்து வாசலில் உட்கார்ந்து, ஒரு கதையை எப்படித் தொடங்குவது என்று படித்துக்கொண்டிருக்கிறார். இதை நான் இரண்டு விதமாகவும் பார்க்கிறேன். தெருவில் பேச முடியாததற்குப் பதில் மேசையில் எழுதக் கிடைத்த இடம் என்று ஒரு நாள் தோன்றும். வெளியே இவ்வளவு நடக்க, உத்தி பற்றிய பாடமா என்று இன்னொரு நாள் தோன்றும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு அவசரம் இல்லை. ஆனால் ஐம்பதுகளில் எழுந்து வந்த மலேசிய எழுத்தாளர் தலைமுறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இந்த வகுப்பைத் தாண்டிப் போவதில்லை என்பது மட்டும் உண்மை.

தரம் பிரித்ததைப் பற்றி ஒரு வார்த்தை. அது நல்லதா கெட்டதா என்று எங்கள் வகுப்பில் ஒரு மாலை முழுக்க வாக்குவாதம் நடந்தது. எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. தோட்டத்துப் பையனைப் பார்த்து அதுவரை யாரும் ‘உன் எழுத்து இந்தத் தரம்’ என்று சொல்லக்கூட மெனக்கெடவில்லை. அவனுடைய மரத்துப் பாலை மட்டும்தான் தினமும் எடை போட்டார்கள். ‘இன்னும் எழுது’ என்று தடவிக் கொடுப்பதைவிட, படித்துவிட்டு ‘இது தேறாது’ என்று ஒருவர் எழுதி அனுப்புவது மரியாதை. படித்திருக்கிறார் இல்லையா!

1952-இல் தமிழ்நாட்டிலிருந்து கு. அழகிரிசாமி தமிழ் நேசனுக்கு ஆசிரியராக வந்தார், 1957 வரை இருந்தார். அவர் இங்கே நடத்திய இலக்கிய வட்டம் இன்னொரு விதமான வகுப்பு. அஞ்சலில் இல்லை, நேருக்கு நேர் உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அலசுவது. அவரைப் பற்றித் தமிழ்நாட்டில் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். இந்த ஐந்து வருஷத்தை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நாம்தான் எழுத வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் உண்டு. ஜொகூர் எல்லையில் தங்காக். அங்கே வாழ்ந்து எழுதியவர் மா. இராமையா. ஐம்பதுகளிலேயே மா. செ. மாயதேவனோடு சேர்ந்து சிறுகதைத் தொகுப்பு கொண்டுவந்தவர். 1978-இல் ‘மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு’ என்ற நூலை எழுதினார். தங்காக்கில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாட்டின் இலக்கிய வரலாற்றை எழுதுவது என்றால் என்ன என்று சிறு பட்டணத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நூலகம் இல்லை, சகாக்கள் இல்லை. கையில் பழைய பேப்பரும் பிடிவாதமும்தான். 2019-இல் அவர் காலமானார். அதே வருஷம் பிப்ரவரியோடு தமிழ் நேசனும் நின்றுபோனது. தொண்ணூற்று நாலு வருஷம் ஓடிய பத்திரிகை.

சரி, என் வளர்ச்சி. மூன்றாவது பருவத்தில் ஒரு கதை எழுதினேன். தோட்டத்துக் காலை. அதில் ‘பெரட்டு’ வரும், ‘மங்கு’ வரும், ‘ஒட்டுப்பால்’ வரும், ‘ஆயாக்கொட்டகை’ வரும். திரும்பி வந்த தாளில் இந்த நாலு சொல்லுக்கும் கீழே கோடு. பக்கத்தில், வட்டார வழக்கைத் தவிர்த்து எல்லாருக்கும் புரியும் தமிழில் எழுதலாமே என்று குறிப்பு. மதிப்பீட்டுப் பட்டியலில் ‘மொழி’ என்று ஒரு கட்டம் உண்டு, அதில் மதிப்பெண் போகும். கெட்ட எண்ணத்தில் எழுதிய குறிப்பு இல்லை. தமிழ்நாட்டில் ஒருவர் படித்தால் புரிய வேண்டுமே என்ற கவலைதான். ஆனால் பெரட்டுக்கு என்ன சொல் போடுவது? ‘காலை அணிவகுப்பு’ என்றால் பள்ளி விளையாட்டுப் போட்டி ஞாபகம் வரும். ‘வருகைப் பதிவு’ என்றால் ஆபீஸ். பெரட்டில் இருக்கிற இருட்டும் கொசுவும் பயமும் இரண்டிலும் இல்லை.

நான் சொல்லை மாற்றவில்லை. வாக்கியத்தை மாற்றினேன். தப்பு அடித்ததும் எழுந்து ஓடணும், கிராணி பேர் கூப்பிடும்போது பெரட்டில் நிற்கவில்லை என்றால் அன்றைக்குக் கூலி போச்சு என்று வருகிற மாதிரி. இப்போது சென்னையில் இருப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் அடிக்குறிப்பு தேவையில்லை. மங்கை மரத்தடியில் வைத்தேன், அதில் பால் சொட்டவிட்டேன், போதும். ஆயாக்கொட்டகையில் ஒரு குழந்தையை அழவிட்டேன். ஒரு சொல்லுக்கு வக்காலத்து வாங்குவது என்றால் சண்டை போடுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல் தன் காலில் நிற்க இடம் செய்து கொடுப்பதும் வக்காலத்துதான். அப்துல்லாவுக்குத் தாம்சனிடம் அந்த வாய்ப்பு இருக்கவில்லை. அடுத்தவர் நூலில் அவரால் திருத்தம் மட்டும்தான் சொல்ல முடியும். தன் நூல் எழுதியபோது எடுத்துக்கொண்டார். 1807-இல் பர்குவார் மலாக்காக் கோட்டையை வெடிமருந்து வைத்துத் தகர்த்ததைச் சிறுவனாகப் பார்த்தவர், அதை எழுதும்போது கோட்டைக்குள் பேய் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் நடுங்கியதையும் விடாமல் எழுதுகிறார். சரித்திர ஆசிரியர் கல்லை எண்ணுவார். இவர் பயத்தையும் எண்ணினார்.

அவரிடம் எனக்குக் கோபமும் உண்டு. வெள்ளைக்காரர்களை அவர் வியந்த அளவு கொஞ்சம் அதிகம். மலாய் அரசர்களை விளாசிய கை, கம்பெனியைத் தொடும்போது மென்மையாகிவிடும். பிறகு, தமிழ் கற்றவர் தமிழில் தன் கதையை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அவர் வாழ்ந்த மொழி மலாய். ஆனாலும் கல்லாப்பெட்டிக்கு ஒரு மொழி, மனசுக்கு ஒரு மொழி என்று பிரித்து வைத்த அந்தப் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. என்ன, பெட்டிகள் இடம் மாறிவிட்டன. இப்போது கல்லாவுக்கு ஆங்கிலம், ஆபீசுக்கு மலாய், மனசுக்குத் தமிழ். மனசில் மட்டும் வைத்திருக்கிற மொழிக்கு நாளாக நாளாகப் பொருள்களின் பெயர் மறந்துபோகும்.

இடுபணியை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அப்துல்லா வந்தார், கதை வகுப்பு வந்தது, நான் கடைசி ஒரு பக்கத்தில்தான் வந்தேன். தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் வரலாறு எழுதியிருக்கிறாயே என்று கேட்டார்கள். அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது, ஆனால் மணி அடித்துவிட்டது.

இப்போது வேறொன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 1967-இல் புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பிரச்சினைக்காகக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனார்கள். டான் சே யான் மரம் நட்ட அதே ஆசகான். நார்த் சொன்ன மாதிரி கண்ணால் பார்த்ததை எழுத எனக்கு வழியில்லை, நான் அப்போது பிறக்கவில்லை. பார்த்தவர்களைத் தேடிப் போக வேண்டும். அடுத்த சனிக்கிழமை போகிறேன். கேட்க வேண்டியதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். காலில் என்ன போட்டிருந்தீங்க? ராத்திரி எங்கே படுத்தீங்க? பிள்ளைகளை யார் பார்த்துக்கிட்டா? வழியில் யார் தண்ணி கொடுத்தா? மழை பெஞ்சுச்சா?